பெரியவர்களுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி: புதிதாக இறங்கும் தன்னார்வலருக்கு

பெரியவர் ஒருவருக்கு வாசிக்கச் சொல்லித்தர ஆசிரியர் பயிற்சியெல்லாம் வேண்டாம். நீங்கள் தடங்கலில்லாமல் படிப்பவராக இருந்தால் போதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும், எதிரில் இருப்பவர் ஒரே எழுத்தை ஏழாவது முறை மறந்தாலும் முகம் மாறாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்கள்? இந்த வேலையில் தன்னார்வலர்கள் வழக்கமாகக் கழன்றுகொள்கிற இடம் ஒன்று உண்டு. எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று, எழுத்துக் கூட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறார், இனி அவரே பார்த்துக்கொள்வார் என்று தோன்றுகிற இடம் அது. அவர் பார்த்துக்கொள்ள மாட்டார். எழுத்துக் கூட்டும் நிலையிலேயே விட்டுவிட்டால் படிப்பது அவருக்குச் சிரமமான வேலையாகவே இருக்கும், சிரமமான வேலையை யாரும் தானாகத் தேடிப் போய்ச் செய்வதில்லை, செய்யாமல் விட்டால் மறந்துபோகும். அதனால் கீழே சொல்வதில் கணிசமான பகுதி எழுத்து முடிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான்.

எதுவரை கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால், ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 1958-லேயே வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது: அன்றாட வாழ்க்கையைப் பற்றிய ஒரு சின்ன, எளிய வாக்கியத்தைப் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிய வேண்டும். 'புரிந்துகொண்டு' என்பதை நன்றாகக் கவனியுங்கள். தன் பெயரைப் படம் வரைவதுபோல வரையக் கற்றுக்கொண்டவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். உலகத்தில் 15 வயதைத் தாண்டியவர்களில் 70 கோடிக்கும் அதிகமானவர்கள் இந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

ஆள் தேடுவது

படிக்கத் தெரியாது என்று யாரும் கையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். பல வருடமாக அதை மறைத்தே பழகியிருப்பார்கள், சில வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரியாது. "கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீங்களே படிச்சுச் சொல்லுங்க", "ஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிரப்பித் தர்றேன்" என்று அடிக்கடி சொல்கிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அதற்காக நேராகப் போய் "உங்களுக்குப் படிக்க வராதா?" என்று கேட்டுவிடாதீர்கள், அதோடு அந்தக் கதவு மூடிவிடும். "நான் சாயங்காலம் சிலருக்கு வாசிக்கச் சொல்லித்தரப் போறேன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லிவையுங்கள். 'தெரிஞ்சவங்க' பல நேரம் அவராகவே இருப்பார், கொஞ்ச நாள் கழித்து வந்து கேட்பார்.

உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இதைச் செய்கிற நூலகமோ அமைப்போ இருந்தால் அங்கே சேர்ந்துவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. இடம், புத்தகம், கொஞ்சம் பயிற்சி எல்லாம் கிடைக்கும், நீங்கள் வர முடியாத நாளில் இன்னொருவர் இருப்பார். அப்படி எதுவும் இல்லையென்றால் தனியாகவும் தொடங்கலாம், ஆனால் ஒரே ஒருவரோடு தொடங்குங்கள். பத்துப் பேரைச் சேர்த்து வகுப்பு நடத்தும் ஆசை முதலில் எல்லோருக்கும் வரும். பத்துப் பேரும் பத்து நிலையில் இருப்பார்கள், வேகமாகப் போகிற இரண்டு பேரைப் பார்த்து மற்ற எட்டுப் பேர் கூச்சப்பட்டு நின்றுவிடுவார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஓர் எழுத்து முறையை, அரபியோ கொரியனோ எதுவோ, எடுத்துப் பத்து எழுத்தை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு மறுநாள் காலையில் எத்தனை நினைவிருக்கிறது என்று பாருங்கள். "நேத்துதானே சொன்னேன்" என்ற வார்த்தை அதற்கப்புறம் உங்கள் வாயில் வராது.

முதல் நாள்

முதல் நாள் பாடம் எதுவும் வேண்டாம், பேசுங்கள். எதைப் படிக்க முடியவில்லை என்பது அவரை எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்குப் பேருந்துப் பலகை, ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் தாள், ஒருவருக்கு வேதப் புத்தகம், இன்னொருவருக்கு போனில் வருகிற மெசேஜை மகளிடம் காட்டாமல் தானே படிக்க வேண்டும். சொல்வது எதுவாக இருந்தாலும் அதுதான் உங்கள் பாடத்திட்டம். "எல்லாத்தையும் படிக்கணும்" என்று சொன்னால் விடாதீர்கள், "முதல்ல எது?" என்று மெதுவாகத் திரும்பக் கேளுங்கள்.

ஏற்கெனவே என்ன தெரியும் என்பதையும் அன்றைக்கே பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளலாம். எதுவுமே தெரியாது என்று சொல்கிறவர் எண்கள் அத்தனையும் படிப்பார், போனில் யார் அழைக்கிறார்கள் என்பதை முதல் எழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார், ரூபாய் கணக்கில் உங்களையே திருத்துவார். இரண்டு மூன்று வகுப்பு படித்து நின்றவர்களும் உண்டு. அவர்களில் வயதானவர்கள் சிலர் லை, ளை, னை, றா போன்ற எழுத்துகளைப் பழைய வடிவத்தில் நினைவு வைத்திருப்பார்கள், அதாவது தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பிருந்த துதிக்கைபோல் வளைந்த வடிவத்தில். அவர் எழுதியது தப்பில்லை, அது பழைய எழுத்து, இப்போது இப்படி அச்சடிக்கிறார்கள் என்று சொல்லிப் புதியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அக்கா, அண்ணா, ஐயா, அம்மா, பேர் சொல்லி என்று அவரவருக்கு ஒன்று பிடிக்கும். நீங்கள் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் வயதில் பெரியவரை 'நீ' என்று சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள், அவர் உங்களை 'டீச்சர்', 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்றும் இல்லை. உட்காரும்போது எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்களுக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும், அவருக்கோ நேர்காணலுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் கண். இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்துப் பொருள் மங்கலாகத் தெரிவது இயல்பு, கண்ணின் வில்லை வளையும் தன்மையை இழப்பதால் வருவது அது. படித்துப் பழகியவர்கள் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். படிக்கவே வேண்டியிராதவருக்குத் தன் கண்ணில் அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தடுமாறிவிட்டு "என் மண்டையில ஏறமாட்டேங்குது" என்பார். ஒரு கைக்கெட்டும் தூரத்தில் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் காட்டி, தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள், படிக்கச் சொல்ல வேண்டாம். சந்தேகம் வந்தால் கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து, கட்டமோ அகலக் கோடோ போட்ட நோட்டு, இதெல்லாம் அதற்குப் பிறகு.

எழுத்து: எந்த வரிசையில்

அ ஆ இ ஈ என்று தொடங்கவே தொடங்காதீர்கள். நமக்குப் பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதால் கை தானாக அங்கேதான் போகும். உயிரெழுத்து தமிழில் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டும்தான் வரும், அதனால் பன்னிரண்டையும் கற்று முடித்தாலும் 'ஈ' மாதிரி ஒன்றிரண்டைத் தவிர ஒரு சொல்லைப் படிக்க முடியாது. பெரியவருக்கு முதல் நாளே ஒரு முழுச் சொல்லைத் தானே படித்துவிட்ட உணர்வு வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் வரமாட்டார்.

ப, ட, ம, ர, க, த, வ என்ற ஏழு எழுத்தையும் புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மரம், வட்டம், தரம், பட்டம், கட்டம், தகரம் எல்லாம் வந்துவிடும். அடுத்தது கால். பாடம், வாரம், மாதம், தாமதம். அதன் பிறகு கொக்கி வைக்கிற இ, அப்போதே தேவைக்கு அ, ஆ, இ. அம்மா, அப்பா, தம்பி என்று வீடு முழுக்கப் படித்துவிடலாம். இந்த வரிசை ஏதோ வேதம் இல்லை, அவருடைய பெயரிலும் அவர் தொழிலிலும் வருகிற எழுத்துகளை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். தையல் வேலை செய்கிறவருக்குத் தை முதல் வாரத்திலேயே வரட்டும்.

அவர் வாயிலிருந்து வருகிற சொல்லை எடுத்துப் பாடம் ஆக்குவது பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் பிரேசிலில் செய்தது. 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த முயற்சி அதில் பேர்போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நாட்டில் அப்போது ஓட்டுரிமையே கிடையாது, அதனால் கற்கிறவர்களுக்குக் காரணமும் கையிலேயே இருந்தது. 'திஜோலோ' என்ற சொல்லை, போர்த்துகீசிய மொழியில் செங்கல், எடுத்துக்கொண்டு அதைப் பற்றி முதலில் பேசுவார்கள், அப்புறம் அதைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து உயிரொலிகளையும் சேர்த்து ஒரு குடும்பம் உண்டாக்குவார்கள், அந்தத் துண்டுகளை மாற்றிப்போட்டுப் புதுச் சொற்களைக் கற்கிறவரே கண்டுபிடிப்பார். நமக்கு அந்தக் குடும்பம் க, கா, கி, கீ என்று தயாராகவே இருக்கிறது. துண்டுகளை மாற்றிப்போடுகிற விளையாட்டை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு எழுத்தையும் ஓர் அட்டையில் எழுதி, அவர் கையில் கொடுத்துச் சொல் செய்யச் சொல்லுங்கள். அந்த 40 மணி நேரத்தை மட்டும் உங்களுக்கு இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களின் சொற்களைச் சேகரிக்கவே தனியாக ஒரு வேலை நடந்திருக்கிறது.

'ப் கூட்டல் அ, ப' என்கிற சூத்திரத்தையும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். 1979-ல் ஜோசே மொரைஸும் அவருடைய குழுவினரும் போர்த்துகலில் செய்த ஓர் ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களால் ஒரு சொல்லின் முதல் மெய்யொலியை மட்டும் கழற்றிவிட்டு மீதியைச் சொல்ல முடியவில்லை, அதே மாதிரிச் சூழலில் வளர்ந்து பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. ஒலியை அவ்வளவு பொடியாக உடைத்துக் கேட்கிற காது வாசிப்பால் வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆகவே ப-வை ஒரு முழு ஒலியாகவே கொடுங்கள். கொஞ்ச நாள் போனதும் புள்ளி வைத்தால் ஒலி எப்படிச் சுருங்குகிறது என்பதை அவரே சொல்லிவிடுவார்.

எங்கே தடுக்கும் என்பது தெரிந்திருந்தால் தடுக்கும்போது நீங்கள் பதறமாட்டீர்கள். முதல் இடம், காலும் ர-வும். பல அச்சுகளில் அடியில் இருக்கிற ஒரு சின்னச் சாய்வுதான் வித்தியாசம். 'வாரம்', 'காரம்' போன்ற சொற்களை நன்றாகப் பெரிதாக எழுதி, காலை ஒரு நிறத்திலும் ர-வை இன்னொரு நிறத்திலும் காட்டுங்கள்.

இரண்டாவது, உகரம். கு, டு, மு, ரு ஆளுக்கு ஒரு மாதிரி, சு, பு, வு ஒரு மாதிரி, து, நு, லு, று, னு வேறொரு மாதிரி. இதற்கு விதி சொல்லிப் பயனில்லை. தமிழ்ச் சொற்களில் பல இடத்தில் இது கடைசி எழுத்தாக மாட்டும் என்பதால் அது, வீடு, காது, ஆறு, பாட்டு, நாக்கு என்று சொல்லாகவே கண்ணுக்குப் பழக்குங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: கொம்பு. எழுதும்போது முன்னால் நிற்கிறது, ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. அதுவரை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு வந்தவர் 'கெ'-வில் நின்றுவிடுவார், 'கொ'-வில் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் அடைத்திருப்பதால் இன்னும் குழம்புவார், 'கெ-ர' என்று இரண்டாகப் படிப்பார். கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் அடுத்த எழுத்தையும் அதற்கு அடுத்ததையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் உண்டாக்குங்கள். இதற்கு இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை, இதை அவசரமாகத் தாண்டினால் பின்னால் எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். ங வரிசையில் ங் ஒன்று போதும், ஞ-வில் இரண்டு மூன்று போதும், ஔ-வை ஔவையார் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறாக, ஜ, ஸ, ஷ, ஹ என்ற எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். ஆட்களின் பெயரிலும் பலகைகளிலும் அவைதான் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 'பஸ்' என்பதைப் படிக்க முடியாதவரிடம் தூய தமிழ் பேசி என்ன ஆகப்போகிறது?

பேசுவது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று

தமிழில் சொல்லித்தருகிறவருக்கு இருக்கிற தனித் தலைவலி இது. 'செல்கிறார்கள்' என்பதை எழுத்துப் பிசகாமல் கூட்டிப் படித்துவிட்டு, அது 'போறாங்க' என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எழுத்து தெரிந்தும் அர்த்தம் வரவில்லை, தனக்குத்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் முதல் வாக்கியங்கள் அவர் பேசுகிறபடியே இருக்கட்டும். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "நேத்து மழை வந்துச்சு. துணியெல்லாம் நனைஞ்சிடுச்சு." அவர் சொன்ன வாக்கியம் என்பதால் அடுத்து என்ன சொல் வரும் என்று அவருக்கே தெரியும், கண் அதை உறுதி செய்துகொண்டு போகும். இப்படிச் சேர்ந்த தாள்களை ஒரு கோப்பில் போட்டுவைத்தால் அதுவே அவருடைய முதல் புத்தகம்.

கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்: 'போறேன்', 'போகிறேன்'. 'வந்துச்சு', 'வந்தது'. 'வீட்டுல', 'வீட்டில்'. 'அவங்களோட', 'அவர்களுடைய'. இதில் ஒரு பத்துப் பதினைந்து ஜோடி பழகிவிட்டால் மீதியை அவரே ஊகிப்பார். செய்தி கேட்டுக் கேட்டு எழுத்துத் தமிழ் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும், அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் நீங்கள் அவருக்கு எதையாவது வாசித்துக் காட்டுங்கள். அவர் பின்தொடர வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

அவருடைய பேச்சைத் திருத்துகிற வேலையில் மட்டும் இறங்காதீர்கள். ழ வரவில்லை என்றால் வரவில்லை. வாழைப்பழம் என்று எழுதியிருப்பதை வாளப்பளம் என்று படித்துவிட்டு எதைச் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தால் அவர் சரியாகப் படித்துவிட்டார்.

எழுத்து முடிந்த பிறகு

இப்போது அவர் எந்தச் சொல்லையும் கூட்டிப் படிப்பார். நீங்கள் கிளம்பலாம் என்று தோன்றும். கிளம்பாதீர்கள்.

'மருந்தை உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளவும்' என்ற வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகிறவர் 'கொள்ளவும்' வரும்போது 'மருந்தை' மறந்திருப்பார். மனம் ஒரு நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான், அதுவும் சில நொடிதான். அதற்குள் வாக்கியம் முடிந்துவிட வேண்டும். படித்தது புரியவில்லை என்று அவர் சொன்னால் பல நேரம் பிரச்சினை அறிவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. வேகம் வர ஒரே வழி, எளிதானதை நிறையப் படிப்பது. கடினமானதைக் கொஞ்சமாகப் படிப்பதால் வராது.

ஐந்தாறு வரியுள்ள ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு நான்கைந்து நாளைக்கு அதையே படியுங்கள். முதல் நாள் நீங்கள் படிக்க அவர் விரலால் பின்தொடரட்டும். அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்து சத்தமாக, நீங்கள் ஒரு மயிரிழை முன்னால். அதற்கடுத்த நாள் உங்கள் குரலை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள், அவர் தனியாகப் போய்க்கொண்டிருப்பது அவருக்கே தெரியாமல் நடக்கும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பது நமக்குத்தான் சலிப்பு, அவருக்கு நேற்றைவிட இன்றைக்கு வேகமாக வருவது கண்கூடாகத் தெரிவதால் பிடித்துத்தான் இருக்கும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. சிலர் பத்தியை மனப்பாடம் செய்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சரளமாகச் சொல்வார்கள், ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, பல வருடம் எல்லாவற்றையும் நினைவில் வைத்தே வாழ்ந்தவர்கள், நினைவு நம்முடையதைவிட நன்றாக இருக்கும். அதே சொற்களை வரிசை மாற்றி வேறு வாக்கியமாக எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும். தடுமாறினால் "பார்த்தீங்களா, மனப்பாடம்தான் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லாமல் அந்தப் புது வாக்கியத்தையே அன்றைய பாடமாக்கிவிடுங்கள்.

ஒரு, இந்த, அந்த, என்று, மற்றும், இல்லை, உள்ளது, வேண்டும், கூடாது என்கிற மாதிரி எல்லா இடத்திலும் வருகிற சொற்களை அட்டையில் எழுதி, பார்த்ததும் சொல்கிற அளவுக்குப் பழக்குங்கள். இவற்றில் எழுத்துக் கூட்டும் நேரம் மிச்சமானாலே வரியின் வேகம் நன்றாகக் கூடிவிடும். நீளமான சொற்களுக்கு வேறு வைத்தியம். 'காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் படித்துப் பழகிய நமக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும். காத்துக் / கொண்டிருந்த / வர்களுக்கு என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள், சில நாளில் அந்தக் கோட்டை அவரே போடுவார், அப்புறம் கோடே தேவைப்படாது.

தப்பாகப் படித்தால் உடனே பாயாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பாதி நேரம் அவரே திரும்பி வந்து திருத்திக்கொள்வார். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிக்க விடுங்கள், பிறகு அந்தச் சொல்லுக்குத் திரும்பி வரலாம். ஒரு வரியில் நாலைந்து சொல் தடுத்தால் அது அவருக்குக் கடினமான பாடம், நீங்கள் தேர்ந்தெடுத்ததுதான் சரியில்லை, இறங்கி வாருங்கள்.

எதைப் படிப்பது என்பதில் குழந்தைப் புத்தகத்துக்குப் போய்விடாதீர்கள். எழுத்து பெரிதாக இருக்கும், வாக்கியம் சின்னதாக இருக்கும், எல்லாம் சரிதான், ஆனால் நாலு பிள்ளை வளர்த்தவருக்கு நரியும் காக்கையும் எதற்கு? பேரக்குழந்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவரே கேட்டால் அது வேறு கதை, அப்போது அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மற்றபடி செய்தித் தலைப்புகள், அவருக்குப் பிடித்த பாட்டு வரிகள், அவர் கையில் வந்த நோட்டீஸ், அவருடைய தொழில் சம்பந்தமான குறிப்புகளை நீங்களே எளிய வாக்கியத்தில் எழுதிக் கொடுப்பது, இப்படிப் போகலாம். நீங்கள் எழுதித்தருவது பல நேரம் அச்சடித்ததைவிட நன்றாக வேலை செய்யும்.

எழுதுவதும் போனும்

எழுதுவது வாசிப்புக்கு உதவும் அளவுக்கு இருந்தால் போதும், அழகான கையெழுத்து நம் வேலை இல்லை. பெயரை முதலில் எழுத வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், செய்யுங்கள், ஆனால் பெயரைப் படமாக வரைய விடாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுத வையுங்கள். ன-ண, ர-ற, ல-ள பிழைகளை, ஒற்று விட்டுப்போன இடங்களை எல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள். படிக்கிறவருக்கு என்ன சொல்கிறார் என்று புரிகிறதா? சரி, அடுத்தது.

போனை எதிரியாகப் பார்க்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம், தொடர்பு எண்களில் ஒவ்வொரு பெயராகப் படிக்கலாம், குரலில் பேசினால் அது எழுத்தாக மாறுவதைப் பார்த்துச் சரியா என்று படித்துப் பார்க்கலாம். உங்களுக்குத் தினமும் ஒரு வரி மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு வரியில் பதில் போடுங்கள். பாடம் இல்லாத நாளிலும் வாசிப்பு நடந்துகொண்டே இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. குரல் மெசேஜ் அனுப்பினால் மட்டும் "எழுதி அனுப்புங்க" என்று பிடிவாதமாகத் திருப்பிவிடுங்கள்.

சில எல்லைகள்

வராத நாளுக்குக் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். வேலை, உடம்பு, வீடு என்று பெரியவருக்கு ஆயிரம் இருக்கும், கேள்விக்குப் பயந்தே அடுத்த முறையும் வராமல் போவார். இரண்டு வாரம் கழித்து வந்தால் விட்ட இடத்திலிருந்து இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள், எடுத்துப் போடவே போடாதீர்கள். அவர் படிக்கக் கற்கிறார் என்பது அவர் சொன்னால்தான் வெளியே தெரிய வேண்டும். விண்ணப்பமோ கடிதமோ கொண்டுவந்தால் நிரப்பிக்கொடுங்கள், மறுக்க வேண்டாம், ஆனால் அவர் பெயர், ஊர், தேதி என்று அவருக்குத் தெரிந்த கட்டங்களை அவரே நிரப்பட்டும். அதில் படித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடக்கிற இடமும் நேரமும் இருவருக்கும், இருவர் வீட்டாருக்கும் சங்கடமில்லாததாக இருக்கட்டும், முடிந்தால் மற்றவர்கள் வந்துபோகிற பொது இடமாக.

மாதக்கணக்கில் சீராக வந்தும், கண் சரியாக இருந்தும், எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சின்ன வயதில் 'மக்கு' என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நின்றவர்களில் சிலருக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும். அதை நீங்களாகப் பெயர் சூட்டிச் சொல்லாமல், அந்தத் துறையில் பழக்கமுள்ள ஒருவரிடம் கேளுங்கள். அதுவரை பாடத்தை இன்னும் பொடியாக்கி, எழுத்தைத் தொட்டு எழுதுவது, மணலில் விரலால் வரைவது என்று கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலகும்போது

ஒரு வருடம் என்று ஒத்துக்கொண்டால் ஒரு வருடம் இருங்கள். போகத்தான் வேண்டும் என்றால் கடைசி நாளில் சொல்லாமல் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள், திடீரென்று நின்றால் தன்னால் முடியாததால்தான் போய்விட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். அந்த மாதத்தில் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம். அவர் தனியாகப் படிக்கக்கூடியதாக, எந்த இடத்திலும் தடுக்காத அளவுக்கு எளிதாக இருக்கிற பக்கங்களைச் சேர்த்துக் கொடுங்கள், நூலகம் இருந்தால் ஒருமுறை கூடவே போய் உறுப்பினராக்கிவிட்டு, எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு அடுத்து யாராவது வருவதாக இருந்தால் ஒரே ஒரு தாள் எழுதிவையுங்கள். எந்த எழுத்துகள் இன்னும் வழுக்குகின்றன, எந்த மாதிரிப் பக்கம் அவருக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது, எதைப் பற்றிப் பேசினால் உற்சாகமாகிறார், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். அதை அனுப்புவதற்கு முன் அவரிடமே கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவரே கீழே எழுதிச் சேர்க்கட்டும்.